தோடு கழற்றிய கையில் துப்பாக்கி

போர்க்களத்தில் பேர் வாங்கியவரைக் கொண்டு வந்து நாடாளும் நாற்காலியில் உட்கார வைப்பது உலகத்தில் புதிய வழக்கம் அல்ல. சண்டையில் ஜெயித்தவர் ஆட்சியிலும் ஜெயிப்பார் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். அந்தச் சண்டையை ஜெயித்தவர் உண்மையிலேயே அவர்தானா என்றுகூடப் பல வேளைகளில் யாரும் விசாரிப்பதில்லை.

ஜெர்மனியில் ஹிண்டன்பர்க் என்று ஒரு தளபதி இருந்தார். 1911-ல் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த மனிதர். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டு, கிழக்கே ரஷ்யப் படைகள் எல்லை தாண்டி வந்ததும் அவரை அவசரமாக அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 66. டானன்பர்க் சண்டையில் ஒரு ரஷ்யச் சேனை முழுவதுமே வளைத்து நொறுக்கப்பட்டது. திட்டம் தீட்டியவர்கள் கீழே இருந்த அதிகாரிகள். கூட நின்று நடத்தியவர் லூடன்டார்ஃப். பேர் என்னவோ பெரியவருக்குப் போயிற்று. தளபதி சண்டைக்கு முன்பு தூங்கிய இடம் இது, பின்பு தூங்கிய இடம் அது, சண்டையின்போது தூங்கிய இடம் இன்னொன்று என்று ஹோஃப்மன் என்ற அதிகாரி பிற்காலத்தில் கிண்டல் செய்வாராம்.

ஆனால் மக்கள் அதையா கேட்டார்கள்? பெர்லின் நகரின் நடுவே அவருக்குப் பிரமாண்டமான மரச்சிலை ஒன்றை நிறுத்தினார்கள். போர் நிதிக்குக் காசு கொடுத்தவர்கள் ஏணியில் ஏறி அந்தச் சிலையில் ஓர் ஆணி அடித்துவிட்டு வரலாம். நம் கோயில் உண்டியலில் காசு போடுகிற பக்தியோடு அடித்தார்கள். 1918-ல் போரில் தோற்ற பிறகும் அந்தப் பக்தி குறையவில்லை. படை தோற்கவில்லை, உள்ளூர்க்காரர்கள்தான் முதுகில் குத்திவிட்டார்கள் என்று ஒரு கதையை அந்தப் பெரியவரே விசாரணைக் குழுவின் முன்னால் சொன்னார். 1925-ல் 77 வயதில் அவரை நாட்டின் அதிபராகவே தேர்ந்தெடுத்தார்கள். 1933 ஜனவரி 30-ம் தேதி ஹிட்லரைப் பிரதமராக நியமித்துக் கையெழுத்திட்ட கை அவருடைய கைதான். அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஜெர்மன் கதை நமக்கு எதற்கு, டீச்சர் என்று கேட்பீர்கள். அந்த ஜெர்மனியிலிருந்து கிளம்பி வந்த ஒருவரால்தான் நம் தோட்டங்களில் பால் வெட்டிய பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஒரு கோலாலம்பூர்ப் பெண், போர் முடிந்ததும் இந்நாட்டின் அரசியலுக்குள் நடந்து வந்தார். போர்த் தளபதி அரசியல் தலைவரான கதை நம் வீட்டிலேயே இருக்கிறது. நாம்தான் அதைப் பரணில் போட்டு வைத்திருக்கிறோம்.

1943 பிப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார். மடகாஸ்கர் தீவுக்கு அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். சுமத்ரா, தோக்கியோ என்று சுற்றி ஜூலை 2-ம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஹிட்லரை நேரில் சந்தித்தும் அங்கே உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை என்பதால்தான் கிழக்கே வந்தார்.

இங்கே அவருக்கு முன்பே ஒரு படை இருந்தது. ஒரு தளபதியும் இருந்தார். மோகன் சிங் என்ற பஞ்சாபியர். 1941 டிசம்பரில் கெடாவில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை சிதறியபோது அவர் வெறும் கேப்டன். சில மாதங்களில் ஜெனரல். அந்த 1942-ம் ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியரோடு முட்டிக்கொண்டு கைதியானார். அவரும் பிற்காலத்தில் இந்திய மேலவை உறுப்பினராக இருந்தார். அதே ராணுவத்தின் ஷா நவாஸ் கான் நேருவின் அரசாங்கத்தில் துணை அமைச்சராகவே ஆனார். இவர்களைப் பற்றி எழுத இந்தியாவில் ஆள் உண்டு. நான் எழுத வந்தது ஜானகியைப் பற்றி.

ஜானகி தேவர் 1925-ல் பிறந்தவர். வசதியான தமிழ்க் குடும்பம். போஸ் மலாயா வந்த வேளையில் அவருக்குப் பதினெட்டு வயது. கோலாலம்பூர்க் கூட்டத்தில் போஸ் பேசினார். உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள் என்றார். அந்தப் பெண் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங் காதோடு வீடு திரும்பினாள். அந்தக் காலத்தில் கலியாணம் ஆகாத பெண் அப்படி வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோடு போனதை வீட்டார் பொறுத்துக்கொள்ளலாம். படையில் சேருகிறேன் என்றதை எப்படிப் பொறுப்பார்கள்? அப்பா அடியோடு மறுத்தார். மகள் விடவில்லை. கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார்.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. தலைமை தாங்கியவர் டாக்டர் லட்சுமி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1940-ல் சிங்கப்பூரில் தொழில் செய்ய வந்தவர். கேப்டன் லட்சுமி என்றால் இன்றும் தெரியும். கூந்தலை வெட்டினார்கள். காற்சட்டை போட்டார்கள். காலையில் எழுந்து ஓடினார்கள். துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, துப்பாக்கி முனைக் கத்தி எல்லாவற்றுக்கும் பயிற்சி நடந்தது. தாதிப் பயிற்சியும் உண்டு. படைக் கட்டளைகள் இந்துஸ்தானியில். தமிழைத் தவிர வேறு பாஷை அறியாத பெண்கள் அதையும் கற்றுக்கொண்டார்கள். வீட்டில் வேலைக்காரி கையால் காப்பி வாங்கிக் குடித்த ஜானகிக்கு முகாம் சோறு முதலில் தொண்டையில் இறங்கவில்லையாம். பிறகு பழகிக்கொண்டார். படையின் இரண்டாம் நிலைத் தளபதியாகவும் உயர்ந்தார்.

இனி எனக்கு முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த முகாமில் ஜானகியைப் போல வசதியான வீட்டிலிருந்து வந்தவர்கள் சிலர்தாம். மற்றவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நின்று, தலையில் துணி சுற்றி, கையில் பால் வெட்டும் கத்தியோடு காட்டுக்குள் போனவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அவர்களில் நிறையப் பேர். இந்தியாவை விடுவிக்க இவர்கள் ஏன் போனார்கள்?

தேசபக்தி என்று ஒற்றை வார்த்தையில் மேடையில் சொல்லிவிடலாம். கைதட்டும் கிடைக்கும். ஆனால் அந்த நாளைய லயத்தை நினைத்துப் பாருங்கள். ரப்பரை வாங்குவாரில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் மூன்று வேளையும். தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் படையில் இருந்தால் மற்றவரை ரயிலுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கும். முகாமில் சாப்பாடும் உண்டு. இதைச் சொல்வதால் அந்தப் பெண்களின் தியாகம் சிறுத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் பசியை அறியாதவர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. போருக்குச் சற்று முன், 1941-ல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கூலியை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி கொடு என்றெல்லாம் கேட்டவர்கள், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கிற வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். துருப்பை இறக்கித் துப்பாக்கியால் அடக்கினார்கள். தலைமை தாங்கிய நாதனை நாடு கடத்தினார்கள். சைக்கிளிலிருந்து இறங்கி நின்ற அப்பனைப் பார்த்த மகளுக்கு, இரண்டே வருடத்தில் ஒருவர் வந்து, நிமிர்ந்து நில், நீ சிப்பாய் என்று சொன்னால் எப்படி இருக்கும்? இந்தியா எந்தத் திசையில் இருந்தால் அவளுக்கு என்ன?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்ல மாட்டார், "ஜெய்ஹிந்த்" என்பார். பிள்ளைகள் சிரிப்போம். நாங்கள் கூன் போட்டு நடந்தால் மட்டும் கோபம் வந்துவிடும். "ஏ குட்டி, நெஞ்ச நிமித்தி நடடி!" என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். சிங்கப்பூர் முகாமில் ஆறு மாதம் இருந்தேன் என்று மட்டும் சொல்லுவார். அதற்கு மேல் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்கு, போய்ப் படி" என்று முடித்துவிடுவார்.

1944-ல் ராணிப் படையின் ஒரு பகுதி பர்மாவுக்குப் போயிற்று. ரங்கூனிலும் மேமியோவிலும் முகாம்கள். இம்பால் விழுந்ததும் இந்திய மண்ணில் கால் வைக்கலாம் என்று காத்திருந்தார்கள். இம்பால் விழவில்லை. மழையும் மலேரியாவும் பட்டினியுமாகப் படை பின்வாங்கியது. முன்னணிக்குப் போகத் துடித்த பெண்கள், மேலே விமானங்கள் குண்டு போட, மருத்துவமனையில் புழு வைத்த புண்களுக்குக் கட்டுப் போட்டார்கள். சுட்டு வீழ்த்திய கணக்கைக் கேட்கிறவர்களுக்கு இவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. செத்துப் போகவிருந்தவர்களில் எத்தனை பேரைப் பிழைக்க வைத்தார்கள் என்ற கணக்கை யாரும் எடுத்து வைக்கவில்லை.

1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட வேண்டி வந்தது. ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குழுவை வழியில் கெரில்லாக்கள் தாக்கினார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு ராணிகள் உயிரிழந்தார்கள். போஸ் தம் கூட இருந்த பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் ரங்கூனை விட்டு நகர மறுத்தார். ஏப்ரல் 24-ம் தேதி இரவு அவர்களோடு கிளம்பினார். கொஞ்ச தூரம் வண்டி, பிறகு நடை. பகலில் விமானத்துக்குப் பயந்து மரத்தடியில் பதுங்குவார்கள், இரவில் நடப்பார்கள். ஆற்றைக் கழுத்தளவு நீரில் கடந்தார்கள். பூட்ஸைக் கழற்றியபோது போஸின் பாதமெல்லாம் கொப்பளமாக இருந்ததை ஜானகி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாங்காக் சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. அந்த நடையில் பெண்களை வழிநடத்திப் போன ஜானகிக்கு இருபது வயதுதான் முடிந்திருந்தது.

தோற்ற சேனை. தலைவர் ஆகஸ்டு 18-ம் தேதி விமான விபத்தில் போய்விட்டார் என்ற செய்தி. திரும்பி வந்தால் மறுபடியும் அதே பிரிட்டிஷ்காரன். ஹிண்டன்பர்க்கும் தோற்றுத்தான் வீடு திரும்பினார். அவருக்கு மாலை காத்திருந்தது. இவர்களுக்குக் காத்திருந்தவை விசாரணையும் ரேஷன் அரிசியும்.

ஜானகி வீட்டுக்குள் முடங்கவில்லை. இந்திய தேசிய காங்கிரஸ் மலாயாவுக்கு ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. அதில் சேர்ந்து பணியாற்றினார். போரில் நொறுங்கிப்போன தோட்டத்து மக்களின் நிலையை அந்தக் குழு பார்த்தது. அதே 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. முதல் தலைவர் ஜான் திவி, ஈப்போவில் பிறந்த வழக்கறிஞர், போஸின் ஆசாத் ஹிந்த் அமைப்பில் இருந்ததற்காகச் சிறையும் பார்த்தவர். கட்சியை அமைக்க அவருக்குத் துணை நின்றவர்களில் ஜானகி ஒருவர். இன்றைய ம.இ.கா.வின் தொட்டிலை ஆட்டிய கைகளில் ஒன்று, பர்மாவில் துப்பாக்கி பிடித்த ஒரு பெண்ணின் கை.

ஆனால் எல்லாச் சிப்பாய்களுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. படித்தவர்கள் கட்சிக்குப் போனார்கள். தோட்டத்துச் சிப்பாய்கள் தோட்டத்துக்கே போனார்கள். ஆனால் போனவர்கள் பழைய ஆட்களாகப் போகவில்லை. கெடாவில் பீடோங் பக்கம் தொண்டர் படை என்று ஒன்று கிளம்பியது. இளைஞர்கள் அணிவகுத்து நின்று பயிற்சி செய்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு மனைவியை அடித்தவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நெற்றிச் சுருக்கம் துரைமாருக்கும் போலீசுக்கும்தான். 1947-ல் மோதல், துப்பாக்கிச் சூடு, கைது என்று அது அடக்கப்பட்டது. கள்ளைக் குடிக்காதே என்று சொன்னதற்கா துப்பாக்கி என்று கேட்காதீர்கள். கூலிக்காரன் வரிசையாக நிற்கக் கற்றுக்கொண்டதுதான் அவர்களைப் பயமுறுத்தியது.

எஸ்.ஏ.கணபதியின் கதை அதைவிடக் கொடியது. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தவர்; இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்; போருக்குப் பின் தொழிற்சங்கத்தில் இறங்கி, 1947-ல் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சீனர், இந்தியர், மலாய்க்காரர் என்று எல்லாத் தொழிலாளரும் இருந்த பெரிய அமைப்பு அது. அதற்கு ஒரு தமிழர் தலைவர். 1948-ல் அவசர நிலை வந்தது. சம்மேளனம் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே துப்பாக்கி வைத்திருந்தார் என்று பிடிபட்டார். இந்திய அரசு மன்றாடிப் பார்த்தது. மே மாதம் 4-ம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டுவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து புடு என்ன தூரம்? சிறையை இடித்தாயிற்று, 2022 முதல் அங்கே பேரங்காடி. பழைய நுழைவாயில் மட்டும் நிற்கிறது.

ராணிகள் போன வழிகளும் பலவிதம். கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். இந்திய மேலவைக்குப் போனார். 2002-ல் 87 வயதில் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே நின்றார். 2012-ல் காலமாகும் மட்டும் ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பதை அவர் விடவில்லை.

பதினாறு வயதில் தமக்கையோடு படையில் சேர்ந்து பர்மா போன ராசம்மா, பூபாலன் என்ற பேரோடு நம் நாட்டில் அறியப்பட்டவர், போருக்குப் பின் ஆசிரியை ஆனார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாகவும் இருந்தார். அந்நாளில் ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே வேலை என்றாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடச் சம்பளம் குறைவு. 1960-ல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவராக இருந்து சரிசமச் சம்பளத்துக்காகப் போராடியவர் இவர். அந்தச் சம்பளம் கிடைத்தது. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு தோட்டப் பள்ளிக்கு வந்து என் முதல் சம்பளத்தை வாங்கிய நாளில், பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் எனக்கும் ஒரே தொகைதான். என்னைக் கேட்டால் இம்பாலைவிட அந்த வெற்றி எனக்குப் பெரிது.

ஜானகி ஆதி நாகப்பனை மணந்தார். அவரும் பத்திரிகை, சட்டம், ம.இ.கா. என்று பொதுவாழ்வில் இருந்தவர். நகராண்மைக் கழகங்களை ஆராய்ந்த அரச ஆணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர். 1968-ல் வந்த அந்த அறிக்கை, உள்ளூர் மன்றங்களை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. அரசாங்கம் கேட்கவில்லை. ஜானகி சமூகப் பணியில் தொடர்ந்து, பின்னாளில் மலேசிய மேலவையில் செனட்டராக அமர்ந்தார். 2000-ம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2014 மே 9-ம் தேதி தம் வீட்டில் காலமானார். வயது 89.

செனட்டர் பதவி சிறியதல்ல. ஆனால் கணக்குப் பார்க்கிற பழக்கம் ஆசிரியைக்குப் போகாது. 1946 முதல் ம.இ.கா.வுக்குத் தலைவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. இருபது வயதில் ஒரு படையைப் பர்மாக் காட்டிலிருந்து பாங்காக் கொண்டு வந்து சேர்க்கலாம். கட்சியைக் கொண்டு செலுத்த மட்டும் முடியாது போலும்! சண்டை நடக்கும்போது தூங்கியதாகக் கேலி செய்யப்பட்டவரை ஒரு நாடு அதிபராக்கியது. சண்டையிலிருந்து நடந்தே வந்தவரை நாம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினோம்.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் நடக்கிறபோது தோரண வாயிலைப் பார்த்திருப்பீர்கள். 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்தது. அந்தப் பயணத்தில்தான் கோலாலம்பூர் இந்தியக் கலாசார மையத்துக்கு நேதாஜியின் பேர் வைக்கப்பட்டது. சந்தோஷம். நேதாஜிக்குப் பேர் இருக்கிறது. லட்சுமிக்கும் ஜானகிக்கும் புத்தகத்தில் இடம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து போன அந்தச் சில நூறு பெண்களின் பேர் எங்கே? பல தோட்டங்களே இன்று இல்லை. லயம் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பிள்ளைகள் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் சிதறிப் போனார்கள்.

ஆகையால் வாசக சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் குடும்பத்தில் ராணிப் படைக்குப் போன பாட்டி, பெரியம்மா, அத்தை யாராவது இருந்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பேர், எந்தத் தோட்டம், எந்த முகாம், எந்த வருடம் திரும்பினார்கள், திரும்பி வந்து என்ன வேலை செய்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தில் பேரைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை படத்தைக் கெடுத்துவிடும். எனக்கு அனுப்புகிறவர்கள் படத்தின் நகலை மட்டும் அனுப்புங்கள். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த இதழில் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.